நெற்றிப்பொட்டு வலியா? தாடையையும் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. மூன்று மாதமாகக் காலையில் எழும்போதே இரண்டு நெற்றிப்பொட்டும் கனத்து வலிக்கிறது. முறுக்கு, சீடை கடித்தால் இடது காதோரம் வலி. வாயைப் பெரிதாகத் திறந்தால் அங்கே 'டக்' என்று ஒரு சத்தம். கண், காது இரண்டும் நன்றாக இருப்பதாக மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தாடை எலும்பு தேய்ந்துவிட்டதா? இதற்கு யாரிடம் போவது?

பதில்: முதலில் இரண்டு கை விரல்களையும் நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு, பல்லை இறுகக் கடித்து விடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ புடைத்து அடங்கும். அதுதான் டெம்போராலிஸ் என்ற மெல்லும் தசை. தலைவலி என்று நாம் தைலம் தடவும் அதே இடத்தில் சோறு மெல்லும் தசை ஒன்று இருப்பது பலருக்கும் தெரியாது. உங்கள் வலி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

மண்டையோட்டில் உள்ள 22 எலும்புகளில் தாராளமாக அசைவது கீழ்த்தாடை ஒன்றுதான். அதை இயக்க ஒவ்வொரு பக்கமும் நான்கு முக்கியத் தசைகள் இருக்கின்றன. டெம்போராலிஸ், தலையின் பக்கவாட்டில் பனையோலை விசிறி போல விரிந்து கிடக்கிறது. கீழே வரவரக் குவிந்து, கன்ன எலும்பின் வளைவுக்குள் நுழைந்து தாடையைப் பிடித்துக்கொள்கிறது. அந்த வளைவில் தொடங்கித் தாடையின் மூலைவரை இறங்குவது மாசெட்டர். கடிக்கும்போது கன்னத்தில் கல் மாதிரி இறுகுகிறதே, அதுதான். தாடையின் உட்புறம் அதற்கு ஜோடியாக உள் டெரிகாய்டு. இந்த மூன்றும் வாயை மூடுபவை. நான்காவதான வெளி டெரிகாய்டு தாடையை முன்னுக்கு இழுத்து வாயைத் திறக்க உதவுகிறது.

அடுத்து அந்தச் சத்தம். தாடை மூட்டு காதுத் துளைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. வாய் திறக்கும்போது கீழ்த்தாடையின் குமிழ் முதலில் சுழலும், பிறகு முன்னோக்கி வழுக்கும். இடையில் மெத்தை மாதிரி ஒரு சிறு வட்டு உண்டு. அது கொஞ்சம் இடம் விலகியிருந்தால், குமிழ் அதன்மேல் ஏறும்போது 'டக்' என்கிறது. வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பொதுவாகச் சிகிச்சையே தேவையில்லை. இந்தச் சத்தத்தை மட்டும் வைத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. காது நன்றாக இருந்தும் காதோரம் வலிப்பதற்குக் காரணம், இந்த மூட்டுக்கும் காதுக்குழாயின் ஒரு பகுதிக்கும் ஒரே நரம்பு உணர்வு கொடுப்பதுதான்.

காலையிலேயே வலிப்பதால், தூக்கத்தில் நறநறவெனப் பல் கடிக்கிறீர்களா என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். சிலர் சத்தமே இல்லாமல் இறுக்கிக் கடிப்பார்கள். நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம், கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடு, தேய்ந்த பல்முனை இருந்தால் சந்தேகம் கூடும். பகலிலும் கவனியுங்கள். கணினி முன்னாலும் சமையலறை அவசரத்திலும் பல் கடித்தபடியே இருக்கிறீர்களா? சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்க, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் சற்று விலகியிருப்பதுதான் இயல்பு. இந்த ஒன்றைப் பழக்கிக்கொண்டாலே பாதிப் பேருக்கு மேல் தெம்பாகிவிடுவதை என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

சில வாரங்களுக்கு முறுக்கு, சீடை, சூயிங்கம் வேண்டாம். வெதுவெதுப்பான ஒத்தடம் பத்து, பதினைந்து நிமிடம் கொடுங்கள். கொட்டாவி வரும்போது முகவாயைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கிய பிறகு இது வந்திருந்தால் அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் சில மாத்திரைகள் பல் கடிப்பைத் தூண்டும். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

போக வேண்டியது பல் மருத்துவரிடம்தான். ஓரல் மெடிசின் (வாய், தாடை நோய்களுக்கான சிறப்புப் படிப்பு) படித்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. இரவில் மாட்டிக்கொள்ள, உங்கள் பல்லுக்கு அளவெடுத்து 'நைட் கார்டு' என்ற பல் உறை செய்து தருவார். அது பல் தேய்வதைத் தடுக்கும், கடிக்கும் பழக்கத்தை முழுதாக நிறுத்திவிடாது. எடுத்த எடுப்பில் பல்லை ராவுவது, கம்பி மாட்டுவது, மூட்டில் அறுவை சிகிச்சை என்று யாராவது சொன்னால் இன்னொரு கருத்து கேளுங்கள். அவையெல்லாம் திரும்பப் பெற முடியாதவை.

உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் தாமதிக்காதீர்கள். பாக்கு, குட்கா பழக்கம் உள்ளவர்களுக்கு வாய் மெல்ல மெல்லச் சுருங்குவது தசைவலி அல்ல. அது புற்றுநோயாக மாறக்கூடிய வேறு நோய், உடனே காட்ட வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ புதிதாக நெற்றிப்பொட்டு வலி வந்து, மெல்லும்போது தாடை சோர்ந்து, பார்வையும் மங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நெற்றிப்பொட்டில் ஓடும் ரத்தக்குழாயின் அழற்சியாக இருந்தால் அது கண்ணையே பறித்துவிடும். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடை வலித்து, உட்கார்ந்ததும் விடுகிறது என்றால் பார்க்க வேண்டியது இதயத்தை.