பாக்ஸ் பிளாட் மேல் கோடு உட்காரவில்லை என்பதற்காகத் துறையை விட வேண்டாம்

எண்களின் பரவலைப் பெட்டிகளாகக் காட்டும் பாக்ஸ் பிளாட் படத்தின் மேல் ஒரு கோடு போடக்கூட வரவில்லையே, டேட்டா வேலை எனக்குச் சரிப்படுமா, இன்னொரு சான்றிதழ் கோர்ஸில் சேரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோர்ஸ் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கோடு ஏன் தள்ளிப்போய் நிற்கிறது என்று முதலில் பார்ப்போம்.

2015 முதல் 2020 வரை ஆண்டுக்கொரு பெட்டி வரைந்திருக்கிறீர்கள். கீழே தெரியும் 2015 வெறும் பெயர்தான்; படம் வரையும் பைத்தான் நிரலகமான மேட்பிளாட்லிப், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் பெட்டிகளை 1, 2, 3 என்ற இடங்களில்தான் வைக்கும். கோட்டுக்கு மட்டும் 2015, 2016 என்று எண்களைக் கொடுத்தால் அது அவ்வளவு தூரத்தில் போய் விழுகிறது, பெட்டிகள் எல்லாம் இடது ஓரத்தில் நசுங்கிவிடுகின்றன. கோட்டுக்கும் 1 முதல் 6 வரை கொடுங்கள், இல்லையென்றால் பாக்ஸ் பிளாட்டின் பொசிஷன்ஸ் என்ற இடத்தில் ஆண்டுகளையே கொடுங்கள், சரியாகிவிடும்.

மேட்பிளாட்லிப்பின் மேல் கட்டப்பட்ட இன்னொரு நிரலகமான சீபார்னில் பெட்டிகளின் இட எண் 0-இல் தொடங்கும். மேட்பிளாட்லிப்புக்கு 1 முதல் 6 வரை கொடுத்து வரைந்த கோட்டை அப்படியே அங்கே கொண்டுபோய்ப் போட்டால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெட்டி வலப்பக்கம் நகர்ந்துவிடும், ஆனால் படம் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். எனக்கு இதுதான் அதிகம் கவலை தருகிறது, ஏனென்றால் நசுங்கிய படம் தவறு என்று யாருக்கும் தெரியும், இதை யாரும் கவனிக்காமலே அறிக்கையில் சேர்த்துவிடலாம்.

அப்புறம், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு புள்ளி வைத்து இணைக்கும் சீபார்னின் பாயின்ட் பிளாட் வைத்து வரைந்தால் கோடு பெட்டியின் நடுக்கோட்டைத் தொடவில்லை என்று மறுபடி பயப்படாதீர்கள். அது சொல்லாமலே சராசரியை எடுக்கும், பெட்டியின் நடுக்கோடோ இடைநிலை அளவு, அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு. சம்பளம் போன்ற தரவில் சிலருடைய பெரிய தொகை சராசரியை மேலே இழுத்துவிடும், அந்த இடைவெளியே ஒரு செய்திதான். இடைநிலை வேண்டுமென்றால், எந்த அளவை எடுப்பது என்று சொல்லும் எஸ்டிமேட்டரை மாற்றிக்கொள்ளுங்கள்.

கோடு தேவையா என்பதையும் யோசியுங்கள். ஆண்டுகளுக்கு வரிசை உண்டு, அவற்றை இணைத்தால் போக்கு தெரியும். விற்பனை, கணக்கு, பணியாளர் பிரிவு என்று துறைகளை இணைத்துக் கோடு போட்டால் அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு அர்த்தமும் கிடையாது, பெட்டிகளை இடம் மாற்றி வைத்தால் கோட்டின் வடிவமே மாறிவிடும்.

நேர்காணலில் உங்கள் படத்தைத் திறந்து வைத்து "இந்தக் கோடு எதைக் காட்டுகிறது, ஏன் சராசரியை எடுக்கவில்லை" என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்பவரைத்தான் தேடுகிறார்கள், கட்டளைகளை மனப்பாடம் செய்தவரை அல்ல. அதனால் இந்தப் படத்தையே திருத்தி உங்கள் போர்ட்ஃபோலியோவில் வையுங்கள், கோடு முதலில் எங்கே போய் விழுந்தது, எதை மாற்றினீர்கள், ஏன் இடைநிலையை எடுத்தீர்கள் என்று கீழே நாலு வரி உங்கள் சொந்த வார்த்தையில் எழுதி எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பேசுவோம்.