மேவன் கேள்வி-பதில்: கடைசியில் யார் எழுதியது செல்லும்?

இந்த முறை வந்த கேள்விகளில் மேவன் (ஜாவா ப்ராஜெக்டைக் கட்டும் கருவி) பாம் ஃபைல் (எப்படிக் கட்ட வேண்டும் என்று அதற்கு எழுதித் தருவது) பற்றியவை நிறைய. பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். கட்டும்போது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்வது ப்ளகின்; ஒரே ப்ளகினைப் பற்றி பேரன்ட் பாம் (பல மாட்யூல்களுக்குப் பொதுவான மேல் பாம்) ஒன்று சொல்கிறது, உங்கள் பாம் ஒன்று சொல்கிறது, ப்ரொஃபைல் (தேவைப்படும்போது மட்டும் சேரும் அமைப்பு) ஒன்று சொல்கிறது, கமாண்ட் லைனில் நீங்களும் ஒன்று சொல்கிறீர்கள். கடைசியில் எது செல்லும் என்று தெரியாமல் டேகுகளை இடம் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பேரன்ட் பாமில் ப்ளகின்மேனேஜ்மென்ட் பகுதியில் செக்ஸ்டைல் ப்ளகினைச் (கோடின் நடையைச் சரிபார்ப்பது) சேர்த்து, வேலிடேட் ஃபேஸில் (பில்டின் முதல் கட்டம்) ஓட வேண்டும் என்று எக்ஸிகியூஷனும் (எதை, எப்போது ஓட்டுவது என்ற குறிப்பு) எழுதிவிட்டேன். எந்த மாட்யூலிலும் ஓடவில்லை, எரரும் இல்லை. ஆனால் அதே பகுதியில் கம்பைலர் ப்ளகினுக்கு ரிலீஸ் 17 (அதாவது ஜாவா 17) என்று எழுதியது மட்டும் எல்லா மாட்யூலிலும் வேலை செய்கிறது. இது என்ன நியாயம்?

பதில்: ப்ளகின்மேனேஜ்மென்ட் எந்த ப்ளகினையும் ஓட்டாது. "யாராவது இந்த ப்ளகினைப் பயன்படுத்தினால் இந்த வெர்ஷனில், இந்த கான்ஃபிகரேஷனோடு பயன்படுத்துங்கள்" என்று எழுதி வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. அதில் இருக்கும் ப்ளகினை ஏதாவது ஒரு பாம் தன்னுடைய பில்ட் பகுதியின் ப்ளகின்ஸ் டேகுக்குள் கூப்பிட்டால்தான் அது உயிர் பெறும்.

சரி, அப்படியானால் கம்பைலர் ப்ளகினை யார் கூப்பிட்டார்கள்? மேவனே கூப்பிட்டது. பேக்கேஜிங் ஜார் என்று இருந்தால் ரிசோர்சஸ், கம்பைலர், ஷூர்ஃபையர் (டெஸ்டை ஓட்டுவது), ஜார், இன்ஸ்டால், டிப்ளாய் ஆகிய ப்ளகின்கள் அந்தந்த ஃபேஸோடு முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கின்றன. நீங்கள் எழுதாவிட்டாலும் அவை பட்டியலில் உண்டு, அதனால் ப்ளகின்மேனேஜ்மென்டில் அவற்றைப் பற்றி எழுதியது உடனே பலிக்கிறது. செக்ஸ்டைல் அந்தப் பட்டியலில் இல்லை. மாட்யூலின் ப்ளகின்ஸ் டேகுக்குள் அதன் க்ரூப் ஐடியையும் ஆர்ட்டிஃபாக்ட் ஐடியையும் மட்டும் எழுதுங்கள், வெர்ஷனும் எக்ஸிகியூஷனும் பேரன்டிலிருந்து தானாக வந்து சேரும். எல்லா மாட்யூலுக்குமே வேண்டும் என்றால் பேரன்டின் ப்ளகின்ஸ் டேகில் ஒரு முறை எழுதினால் போதும், ஆனால் அப்போது பேரன்ட் ப்ராஜெக்டிலும் அது ஓடும் என்பதை மறக்காதீர்கள்.

கூடவே இன்னொன்று. கம்பைலர், ஷூர்ஃபையர் மாதிரி தானாக வரும் ப்ளகின்களுக்கும் வெர்ஷனை ப்ளகின்மேனேஜ்மென்டில் கட்டாயம் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அந்த வெர்ஷன் நீங்கள் நிறுவியிருக்கும் மேவனோடு வருவது. மேவனை அப்டேட் செய்த அன்று ப்ளகினும் சத்தமில்லாமல் மாறும், கோடில் ஒரு வரி கூடத் தொடாமல் டெஸ்ட் உடையும், காரணத்தை எல்லாரும் கோடிலேயே தேடிக்கொண்டிருப்பார்கள்.

எது எங்கிருந்து வந்தது என்று பார்க்க, எம்விஎன் ஹெல்ப்:எஃபெக்டிவ்-பாம் என்ற கமாண்டோடு மைனஸ் டி (-D) வெர்போஸ் சேர்த்து ஓட்டுங்கள். எல்லா பாமும் கலந்த பிறகு கிடைக்கும் முழு பாம் வரும், ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அது எந்த பாமின் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்ற குறிப்பும் இருக்கும். ஹெல்ப் ப்ளகின் 3.2.0 முதல் இந்த வசதி இருக்கிறது. பாமில் சந்தேகம் வந்தால் நான் முதலில் போகும் இடம் இதுதான்.

கேள்வி: டெவ் என்ற ப்ரொஃபைலை ஆக்டிவ்-பை-டிஃபால்ட் ட்ரூ என்று வைத்திருக்கிறோம், டேட்டாபேஸ் முகவரிக்கான ப்ராபர்ட்டி அதில்தான் இருக்கிறது. ப்ராட் என்று இன்னொன்றில் ப்ரொடக்ஷன் முகவரி. இப்போது கவரேஜ் ரிப்போர்ட்டுக்காக (டெஸ்ட் எவ்வளவு கோடைத் தொட்டது என்ற கணக்கு) கவரேஜ் என்று புதிதாக ஒரு ப்ரொஃபைல் சேர்த்து மைனஸ் பி (-P) கவரேஜ் என்று ஓட்டினால், ஜாருக்குள் இருக்கும் ப்ராபர்ட்டீஸ் ஃபைலில் முகவரிக்குப் பதிலாக டாலர் குறியும் ப்ராபர்ட்டி பெயரும் அப்படியே நிற்கின்றன. கவரேஜுக்கும் டேட்டாபேஸுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் ஆக்டிவ்-பை-டிஃபால்ட் அப்படித்தான் நடந்துகொள்ளும். "எப்போதும் ஆக்டிவ்" என்று அதைப் படிக்கிறோம், மேவனோ "அதே பாமில் வேறு எந்த ப்ரொஃபைலும் ஆக்டிவ் ஆகாதபோது மட்டும் இது" என்று எடுத்துக்கொள்கிறது. கவரேஜ் ஆக்டிவ் ஆன நொடியில் டெவ் விலகிவிட்டது, முகவரி ப்ராபர்ட்டியும் அதோடு போய்விட்டது, ரிசோர்ஸ் ஃபில்டரிங் (ஃபைலுக்குள் ப்ராபர்ட்டியின் மதிப்பை நிரப்புவது) செய்யும்போது மதிப்பு கிடைக்காத ப்ராபர்ட்டியை மேவன் அப்படியே விட்டுவிடும். எரர் வராது, அதுதான் இதில் கொடுமை. கமாண்ட் லைனில் கொடுத்தால்தான் இப்படி என்றும் இல்லை. ஜேடிகே வெர்ஷனையோ ஓஎஸ்ஸையோ ஒரு ஃபைல் இருப்பதையோ பார்த்துத் தானாக ஆக்டிவ் ஆகும் ப்ரொஃபைல் அதே பாமில் இருந்தாலும் இதே கதைதான். ஒருவர் மெஷினில் ஓடி இன்னொருவர் மெஷினில் ஓடாமல் போவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

உடனடித் தீர்வு சுலபம். டிஃபால்ட் மதிப்பை ப்ரொஃபைலுக்குள் வைக்காதீர்கள், பாமின் சாதாரண ப்ராபர்ட்டீஸ் பகுதியில் வையுங்கள். ப்ரொஃபைல் ஆக்டிவ் ஆனால் அதன் மதிப்பு மேலே உட்காரும், ஆகாவிட்டால் சாதாரண மதிப்பு நிற்கும். ஆக்டிவ்-பை-டிஃபால்ட் தேவையே இல்லை, நான் அதைப் பார்த்த இடத்திலெல்லாம் எடுத்துவிடச் சொல்வேன்.

ஆனால் உங்கள் கேள்வியில் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. டேட்டாபேஸ் முகவரி ஏன் ஜாருக்குள் போக வேண்டும்? க்ரூப் ஐடி, ஆர்ட்டிஃபாக்ட் ஐடி, வெர்ஷன் மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு ஜாரின் அடையாளம். எந்த ப்ரொஃபைலில் கட்டினீர்கள் என்பது அந்த அடையாளத்தில் எங்கேயும் இல்லை. டெவ்வில் கட்டிய 2.4.0 ஜாரும் ப்ராடில் கட்டிய 2.4.0 ஜாரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றேதான், லோக்கல் ரெப்பாசிட்டரியில் (உங்கள் மெஷினில் மேவன் ஜார்களைச் சேமிக்கும் இடம்) கடைசியாக இன்ஸ்டால் செய்தது முந்தையதை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்து மாட்யூல் எதை எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைவிட முக்கியமாக, டெஸ்ட் டீம் ஒரு ஜாரைச் சோதித்து சரி என்று சொல்ல, ப்ரொடக்ஷனுக்கு இன்னொரு ப்ரொஃபைலில் புதிதாகக் கட்டிய வேறொரு ஜார் போகிறது. யாரும் சோதிக்காத ஒன்று! க்ளாசிஃபையர் (ஜார் பெயரின் கடைசியில் சேரும் அடையாளச் சொல்) போட்டுப் பிரித்து வைக்கலாம்தான், ஆனால் அப்போதும் சோதித்தது ஒன்று, அனுப்புவது ஒன்று என்பது மாறவில்லை.

அதனால் ஜாரை ஒரே முறை கட்டுங்கள், முகவரி, பாஸ்வேர்ட், போர்ட் எல்லாம் ஓடும்போது வெளியிலிருந்து வரட்டும். என்விரான்மென்ட் வேரியபிளாகவோ வெளி கான்ஃபிக் ஃபைலாகவோ, உங்கள் ஃப்ரேம்வொர்க் எதை ஏற்கிறதோ அப்படி. அப்புறம் ப்ரொஃபைல் எதற்கு என்றால், கட்டும் வேலை மாறுகிற இடங்களுக்கு. உங்கள் கவரேஜ் ப்ரொஃபைல் நல்ல உதாரணம். நேரம் பிடிக்கும் இன்டக்ரேஷன் டெஸ்டை வேண்டும்போது மட்டும் ஓட்டுவது, ரிலீஸ் செய்யும்போது மட்டும் ஜாவாடாக்கும் சோர்ஸ் ஜாரும் தயாரித்துக் கையெழுத்துப் போடுவது, ஓஎஸ்ஸைப் பொறுத்து ஒரு நேட்டிவ் லைப்ரரியைத் தேர்ந்தெடுப்பது, இவையெல்லாம் ப்ரொஃபைலுக்கு ஏற்ற வேலைகள். டெவ், ப்ராட் என்று இடத்தின் பெயர் வைத்த ப்ரொஃபைலைப் பார்த்தாலே அந்த பாமை ஒரு முறை நிதானமாகப் படித்துவிடுவது நல்லது.

கேள்வி: பாமின் ப்ராபர்ட்டீஸ் பகுதியில் ஒரு ப்ராபர்ட்டி வைத்து, அதைப் பார்த்து ஆக்டிவ் ஆகும்படி ப்ரொஃபைல் எழுதினேன். ஆகவில்லையே?

பதில்: ஆகாது. எந்த ப்ரொஃபைல் ஆக்டிவ் என்று முடிவான பிறகுதான் பாம் முழுமையாகும், அதனால் பாமுக்குள் எழுதிய ப்ராபர்ட்டி ஆக்டிவேஷன் கண்ணுக்குத் தெரியாது. கமாண்ட் லைனில் மைனஸ் டி வைத்துக் கொடுப்பது, ஜேவிஎம் சிஸ்டம் ப்ராபர்ட்டி, என்வ் டாட் என்று தொடங்கும் என்விரான்மென்ட் வேரியபிள், இவைதான் தெரியும். தினமும் டைப் செய்ய வேண்டாம் என்றால் ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரில் டாட் எம்விஎன் என்ற ஃபோல்டர் வைத்து, அதற்குள் மேவன் டாட் கான்ஃபிக் என்ற ஃபைலில் அதே மைனஸ் டி வரியை எழுதலாம். மேவன் 3.9-இல் ஒரு வரிக்கு ஒரு ஆப்ஷன்தான், இரண்டை ஒரே வரியில் போட்டால் ஏற்காது.

இன்னொரு விவரம்: ஒரே ப்ரொஃபைலுக்கு இரண்டு நிபந்தனை எழுதினால் மேவன் 3.2.2 முதல் இரண்டும் பொருந்த வேண்டும். அதற்கு முன் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும் என்று இருந்தது. பழைய விளக்கங்களைப் படித்துக் குழம்ப வேண்டாம்.

கேள்வி: மைனஸ் டி ஸ்கிப்டெஸ்ட்ஸ் கொடுத்தும் டெஸ்ட் ஓடுகிறது. கமாண்ட் லைன்தானே எல்லாவற்றுக்கும் மேல்?

பதில்: ப்ராபர்ட்டிகளுக்கு ஆமாம், ப்ளகின் கான்ஃபிகரேஷனுக்கு இல்லை. உங்கள் பாமில் எங்கோ ஷூர்ஃபையர் கான்ஃபிகரேஷனுக்குள் ஸ்கிப்டெஸ்ட்ஸ் ஃபால்ஸ் என்று நேரடியாக எழுதப்பட்டிருக்கும். கான்ஃபிகரேஷனில் மதிப்பு இருந்தால் ப்ளகின் அதையே எடுத்துக்கொள்ளும். இல்லாதபோதுதான் கமாண்ட் லைன் ப்ராபர்ட்டியைத் தேடிப்போகும். அந்த வரியை எடுத்துவிடுங்கள், டிஃபால்டே ஃபால்ஸ்தான். டிஃபால்ட் வேறாக இருக்க வேண்டும் என்றால் மதிப்பை ப்ராபர்ட்டீஸ் பகுதியில் வைத்து, கான்ஃபிகரேஷனில் டாலர் குறி போட்டு அந்த ப்ராபர்ட்டியைக் காட்டுங்கள். அப்போது கமாண்ட் லைன் ஜெயிக்கும்.

ப்ளகின் கைக்கு உண்மையில் என்ன மதிப்பு போனது என்று தெரிய மைனஸ் எக்ஸ் போட்டு ஓட்டுங்கள். பக்கம் பக்கமாக வரும், பயப்படாமல் அடைப்புக்குறிக்குள் ஒரு சின்ன எஃப் எழுத்தோடு தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். எஃப், ஸ்கிப்டெஸ்ட்ஸ் ஈக்வல்ஸ் ஃபால்ஸ் என்று அங்கே இருந்தால் விஷயம் வெட்டவெளிச்சம். பாராமீட்டர் பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் இந்த வரிகளில் அது காணாமல் போயிருப்பதிலிருந்து கண்டுபிடிக்கலாம். பழைய மேவன் இந்தப் பிழையை வாய் திறக்காமல் விட்டுவிடும், 3.9-இல் இப்படி ஒரு பாராமீட்டர் இந்த ப்ளகினில் இல்லை என்று வார்னிங் கொடுக்கிறது.

மேவன் டாட் டெஸ்ட் டாட் ஸ்கிப் என்று இன்னொன்று இருப்பதையும் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது டெஸ்ட் கோடை கம்பைல் கூடச் செய்யாது. வேறு மாட்யூல் உங்கள் டெஸ்ட் ஜாரை நம்பியிருந்தால் பில்ட் அங்கே போய் முறியும்.

கேள்வி: பேரன்டில் கம்பைலர் ஆர்க்யுமென்ட்டாக மைனஸ் பாராமீட்டர்ஸ், மைனஸ் எக்ஸ்லின்ட் இரண்டும் இருக்கின்றன. என் மாட்யூலில் மைனஸ் டபிள்யூஎரர் மட்டும் சேர்த்தேன். முதல் இரண்டும் காணாமல் போய்விட்டன.

பதில்: கான்ஃபிகரேஷனை மேவன் டேக் டேகாகக் கலக்கிறது. பெயர் வேறான டேகுகள் சேர்ந்துகொள்ளும், ஒரே பெயர் இருந்தால் குழந்தை பாம் சொன்னது நிற்கும். உங்கள் பட்டியலில் எல்லாமே ஆர்க் என்ற ஒரே பெயர், ஆகவே பேரன்டின் பட்டியல் முழுவதும் போய்விட்டது. மாட்யூலில் பட்டியலைத் திறக்கும் கம்பைலர்ஆர்க்ஸ் டேகிலேயே கம்பைன் டாட் சில்ட்ரன் என்ற ஆட்ரிப்யூட்டுக்கு அப்பெண்ட் என்று மதிப்பு கொடுங்கள், மூன்றும் வரும். எதிர்த்திசையில், பேரன்ட் சொன்னது எதுவுமே வேண்டாம் என்றால் கம்பைன் டாட் செல்ஃப் ஆட்ரிப்யூட்டுக்கு ஓவர்ரைடு (override) என்று கொடுங்கள்.

கேள்வி: எக்ஸெக் ப்ளகினில் (ப்ரோகிராமை மேவனிலிருந்தே ஓட்டுவது) ஒரு எக்ஸிகியூஷனுக்குள் மெயின் கிளாஸ் கொடுத்திருக்கிறேன். எம்விஎன் எக்ஸெக்:ஜாவா என்று ஓட்டினால் மெயின்கிளாஸ் பாராமீட்டர் இல்லை என்கிறது. கண்ணெதிரே இருக்கிறதே!

பதில்: இருக்கிறது, ஆனால் அந்த எக்ஸிகியூஷனுக்கு மட்டும். கோலை (ப்ளகின் செய்யும் ஒரு தனி வேலை) நேரடியாகக் கூப்பிட்டால் மேவன் டிஃபால்ட்-சிஎல்ஐ என்ற ஐடி உள்ள எக்ஸிகியூஷனாக அதை எடுத்துக்கொள்ளும், நீங்கள் ஐடி கொடுத்து எழுதியதைத் திரும்பிப் பார்க்காது. மேவன் 3.3.1 முதல் கோல் பெயருக்குப் பின்னால் ஒரு அட் குறி போட்டு உங்கள் ஐடியைச் சேர்த்தால் அந்த எக்ஸிகியூஷனின் கான்ஃபிகரேஷன் வந்துவிடும். இரண்டு மூன்று மெயின் கிளாஸ்களை மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்களுக்கு இது அருமையான வசதி. ஒன்றே ஒன்றுதான் என்றால் கான்ஃபிகரேஷனை எக்ஸிகியூஷனுக்கு வெளியே, ப்ளகின் மட்டத்தில் எழுதிவிடுங்கள், எல்லாருக்கும் பொருந்தும்.

கேள்வி: செட்டிங்ஸ் ஃபைலில் இருக்கும் ப்ரொஃபைலுக்குள் ப்ளகின் எழுதலாமா?

பதில்: முடியாது. அங்கே ஆக்டிவேஷன், ப்ராபர்ட்டீஸ், ரெப்பாசிட்டரிகள், ப்ளகின் ரெப்பாசிட்டரிகள் மட்டும்தான். உங்கள் மெஷினுக்கு மட்டும் உரிய ஒன்று ப்ளகின்களையே மாற்றினால், ப்ராஜெக்டை எடுத்து ஓட்டும் அடுத்தவருக்கு அது கிடைக்காதே.

கேள்வி: ஒரு ப்ரொஃபைலை மட்டும் நிறுத்தி வைக்க ஆச்சரியக்குறி போடச் சொல்கிறார்கள், பேஷில் ஏதோ ஈவென்ட் கிடைக்கவில்லை என்று திட்டுகிறது. ப்ரொஃபைல் பெயரைத் தப்பாக அடித்தால் மேவன் சொல்லுமா?

பதில்: ஆச்சரியக்குறியை ஹிஸ்டரியைக் கூப்பிடும் குறியாக பேஷ் எடுத்துக்கொள்கிறது. பெயரையும் சேர்த்து ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள், அல்லது ஆச்சரியக்குறிக்குப் பதில் மைனஸ் குறி போடுங்கள், அதுவும் செல்லும்.

தப்பான பெயருக்கு மேவன் 3 பில்டை முழுக்க ஓட்டி முடித்துவிட்டு, இப்படி ஒரு ப்ரொஃபைல் இல்லாததால் ஆக்டிவ் செய்ய முடியவில்லை என்று கடைசியில் ஒரு வார்னிங் வரி எழுதும், பில்ட் சக்சஸ் என்றே காட்டும். சிஐ சர்வரில் (பில்டைத் தானாக ஓட்டும் சர்வர்) அந்த வரியை யாரும் படிப்பதில்லை, கையெழுத்துப் போடாத ரிலீஸ் அப்படித்தான் வெளியே போகிறது. மேவன் 4 இந்த இடத்தில் பில்டையே நிறுத்துகிறது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால் பெயருக்கு முன் கேள்விக்குறி போட்டுச் சொல்ல வேண்டும். 3-இலேயே இருப்பவர்கள் என்ஃபோர்சர் ப்ளகினின் (விதி மீறினால் பில்டை நிறுத்துவது) ரிக்வையர்-ப்ரொஃபைல்-ஐடிஸ்-எக்ஸிஸ்ட் என்ற விதியைப் பேரன்ட் பாமில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கும்போது ப்ளகின்மேனேஜ்மென்டில் இல்லை, ப்ளகின்ஸ் டேகில்.