அப்பா மறுபடி கேட்கவில்லை

கேள்வி: எனக்கு 33 வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் அப்பா, அம்மா, மனைவியோடு வசிக்கிறேன். நாடகக் கலை படித்துவிட்டு, ஒன்பது ஆண்டுகளாக ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கால் சென்டரில் வேலை பார்க்கிறேன். மனம் ஒட்டவில்லை. 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்திய வம்சாவளியினரான எங்கள் மக்களுக்கும் பக்கத்து ஜூலு மக்களுக்கும் இடையே விழுந்த பிளவை ஆற்றும் நாடகங்கள் போட வேண்டும், சமூகத்தை உயர்த்த வேண்டும் என்று ஆசை. அப்பா ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயில் விழாக்களில் தெருக்கூத்து ஆடுவார். இந்த ஆண்டு முழங்கால் வலியால், தன் சந்திரமதி வேடத்தை என்னைக் கட்டச் சொன்னார். அதே வார இறுதியில் வாழ்வின் நோக்கத்தைக் கண்டறிவது பற்றிய பயிலரங்குக்குப் பணம் கட்டியிருந்ததால் மறுத்துவிட்டேன். மீசையையும் எடுக்க வேண்டியிருக்கும், அலுவலகத்தில் கேலி செய்வார்கள். அப்பா மறுபடி கேட்கவில்லை, அதில் பிரச்சினை ஒன்றுமில்லை. மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கலைஞன் ஆகலாமா? என் நோக்கத்தை எப்படிக் கண்டுகொள்வது?

பதில்:

தம்பி, இந்தக் கேள்வி பல ஊர்களிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. எழுதுகிற எல்லோருக்கும் பிடிக்காத வேலை, எல்லோருக்கும் ஊரை உயர்த்துகிற ஆசை. "உங்களுக்குள் ஒரு கலைஞன் இருக்கிறான், துணிந்து இறங்குங்கள்" என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப்போவதில்லை. உங்கள் நடிப்பை நான் பார்த்ததில்லை, கடிதத்தைத்தான் படித்தேன்.

படித்தவளுக்கு ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. "அப்பா மறுபடி கேட்கவில்லை, அதில் பிரச்சினை ஒன்றுமில்லை."

யாருக்குப் பிரச்சினை இல்லை? வேடம் கட்டி ஆடுகிற ஒருவர் தன் வேடத்தை இன்னொருவரிடம் கொடுப்பது லேசான காரியமா? அதுவும் சந்திரமதி வேடம். விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டம் அவள் அழுகைக்காகவே கண் விழித்திருக்கும். அதை இனி என்னால் ஆட முடியாது என்று தன் வாயால் ஒப்புக்கொண்டு, நீ ஆடுகிறாயா என்று மகனிடம் கேட்டிருக்கிறார். அவர் குழுவில் பாடத் தெரிந்த வேறு பிள்ளைகள் இல்லாமலா போயிருப்பார்கள்? நாடகம் படித்த மகனைக் கேட்டது உங்கள் படிப்புக்கு அவர் செய்த மரியாதை. நீங்கள் மறுத்ததும் அவர் கோபப்படவில்லை. அம்மாவைத் தூது விடவும் இல்லை. பேசாமல் இருந்துவிட்டார். கூச்சத்தை விட்டு ஒரு முறை கேட்டதை நம் வீட்டு அப்பாக்கள் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். முப்பத்து மூன்று வயதில் இது உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. தெரிந்துதான் "பிரச்சினை ஒன்றுமில்லை" என்று எழுதி மூடியிருக்கிறீர்கள்.

பயிலரங்கைக் காரணமாகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே மீசையைப் பற்றி எழுதுகிறீர்கள். மீசைதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை வெறும் முகத்தோடு அலுவலகத்துக்குப் போய், கோயிலில் பெண் வேடம் கட்டினேன் என்று சொல்ல உங்களுக்கு வெட்கம். உங்கள் அப்பா தொழிற்சாலையில் வாரமெல்லாம் துணிக்கு நடுவே நின்றுவிட்டு, விழா நாட்களில் அரிதாரம் பூசிச் சேலை கட்டி ஆடியவர். திங்கட்கிழமை அவரும் அதே முகத்தோடுதானே வேலைக்குப் போயிருப்பார்? அவரை யாரும் கேலி செய்யாமலா இருந்திருப்பார்கள்? ஒரு நாளாவது அவரிடம் கேட்டிருக்கிறீர்களா?

இனி உங்கள் நாடகத்துக்கு வருகிறேன். 2021 ஜூலையில் ஃபீனிக்ஸ் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்தக் காயத்தைத் தொடுகிற நாடகம் கட்டாயம் வேண்டும். அதை எழுத நினைக்கும் தமிழர் ஒருவர் இருக்கிறார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் உங்கள் கடிதத்தில் "சமூகம்", "மக்கள்" என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவே தவிர, பக்கத்திலிருக்கும் கறுப்பின மக்களின் குடியிருப்புகளான பாம்பாயியிலோ இனாண்டாவிலோ நீங்கள் உட்கார்ந்து பேசிய ஒரு மனிதர்கூட இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் வீட்டு வாசலை மிதித்ததாக ஒரு சொல் இல்லை. கடிதத்தில் உடம்பும் வலியுமாக இருக்கிற ஒரே மனிதர் உங்கள் அப்பா. அவரையும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்.

அவர் உங்களிடம் கொடுத்த வேடம் எதைப் பற்றியது என்று யோசித்தீர்களா? நாடிழந்த அரிச்சந்திரன் கடனுக்காக மனைவியையும் மகனையும் விற்கிறான். தன்னையும் விற்றுக்கொண்டு சுடுகாடு காக்கிறான். பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி அந்தச் சுடுகாட்டுக்கு வருகிறாள். முழத் துண்டும் கால் பணமும் கொடுக்காமல் எரிக்க விடமாட்டேன் என்கிறான் காவலன். அவளிடம் கொடுக்க எதுவும் இல்லை. இறந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தாய் நியாயம் கேட்கிற காட்சி அது. ஃபீனிக்ஸைச் சுற்றி அந்த ஜூலை மாதத்தில் எத்தனை தாய்மார்கள் அந்த நிலையில் நின்றார்கள்! அவர்களுக்காக எழுத வேண்டும் என்கிறவரின் கையில் அந்தக் காட்சியையே கொடுத்திருக்கிறார் ஒருவர். நீங்கள் அந்த வார இறுதியில் வேறு இடத்துக்குப் போய் உங்கள் நோக்கத்தைத் தேடியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை.

நம் ஆட்கள் அந்த மண்ணில் கால் வைத்த கதையையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனுக்கு வந்தது. 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் டர்பன் இருக்கும் நாட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். பெரும்பாலோருக்குக் கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம். குடும்பத்தோடு விலைபோன அரிச்சந்திரன் கதை அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கூடவே கூத்தும் வந்தது, கரும்பு வெட்டியவர்களே அதை ஆடினார்கள். அவர்கள் யாரும் முழுநேரக் கலைஞர்கள் இல்லை. அந்தக் கூத்து இன்று உங்கள் அப்பாவின் முழங்கால்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அப்பாவிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். "அடுத்த விழாவில் நான் ஆடுகிறேன், கற்றுக்கொடுங்கள்" என்று நீங்களாகக் கேளுங்கள். பாட்டு நோட்டு ஆங்கில எழுத்தில் இருந்தால் இருக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் அவரிடம் பொருள் கேளுங்கள், அவர் பாடுவதைப் பதிவு செய்யுங்கள். அடவு கற்கும்போது உங்களுக்குப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்ததை அவருக்குத் திருப்பிச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒத்திகைக்கு நேரம் தவறாமல் போங்கள். மீசையை எடுங்கள்.

ஓர் ஆண்டாவது அப்படி ஆடிய பிறகு, உங்கள் படிப்புக்கும் வேலை இருக்கிறது. கூத்தில் கட்டியங்காரன் கதைக்கு உள்ளேயும் இருப்பான், வெளியே வந்து கூட்டத்தோடும் பேசுவான்; அன்றன்றைய ஊர் வழக்கைப் பேச அவனுக்கு உரிமை உண்டு. பாட்டு தமிழில் நடக்கட்டும், கட்டியங்காரன் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் பேசட்டும். முன்னால் உட்காரும் நம் பிள்ளைகளில் பலருக்கே தமிழ் வரிகள் விளங்குவதில்லை, அவர்களுக்கும் அது உதவும். கூத்து வாத்தியாரும் அப்பாவும் ஒப்புக்கொண்டால் மட்டும் இதைச் செய்யுங்கள். பிறகு பாம்பாயிக்கு நடந்து போங்கள். சந்திரமதி ஆடியவனாகப் போய், நாடகத்தைப் பற்றி வாய் திறக்காமல், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் நாடகம் எழுத வேண்டியதா இல்லையா என்பதை அங்கே தெரிந்துகொள்வீர்கள்.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். நாடகத்துக்கு அங்கே மானியம் கிடைத்தாலும் ஒரு திட்டத்துக்கு என்று கிடைக்கும். மாதா மாதம் மருத்துவருக்கும் பால் மாவுக்கும் அதை எடுத்துக் கொடுக்க முடியாது. மூன்று மாதத்தில் குழந்தை பிறக்கப்போகிற வீட்டில், சம்பாதிக்கிறவன் தன் மன நிறைவுக்காகச் சம்பளத்தைத் தூக்கிப் போடுவதை நான் தியாகம் என்று சொல்ல மாட்டேன். பழைய காலத்து ஆள் என்று என்னைச் சொல்கிறவர்கள் சொல்லட்டும். குடும்பத்தின் சோற்றை அடகு வைத்து ஊரை உயர்த்தலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குழந்தைக்கு இரண்டு வயதாகட்டும், கையில் ஆறு மாதச் செலவுக்கான பணம் இருக்கட்டும், அப்போது பேசலாம்.

இன்னொன்று. கடிதத்தில் உங்கள் மனைவியைப் பற்றி இருப்பது ஆறு மாதக் கர்ப்பிணி என்ற ஒரு விவரம் மட்டும். வேலையை விடுவது பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டீர்களா என்றே தெரியவில்லை. மறுபடி எனக்கு எழுதுவதாக இருந்தால், அந்தப் பகுதியை அவர் கையால் எழுதச் சொல்லுங்கள்.