ரோஸ் திரி எந்த ஞாயிறு?

கேள்வி: ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கும் குருவானவர் உடுத்தும் திருவுடை ஊதா, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலத்துக்கும் ஊதா. அப்படியானால் இதுவும் நோன்புக் காலம்தானா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். தவக்காலத்தில் அல்லேலூயா நின்றுவிடும். திருவருகைக் காலத்தில் அது தொடர்கிறது. ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் வானவர் கீதத்தை மட்டும் விடுகிறோம். வானதூதர் பாடிய பாட்டல்லவா, கிறிஸ்துமஸ் இரவுக்கென்று காத்திருக்கிறது. பீடத்தில் பூ வைக்கலாம், அளவோடு. முதல் ஞாயிறு நற்செய்தி கிறிஸ்துவின் இறுதி வருகைக்கு விழித்திருக்கச் சொல்கிறது. டிசம்பர் 17-இல் மத்தேயுவின் தலைமுறை அட்டவணையோடுதான் வாசகங்கள் இயேசுவின் பிறப்பை நோக்கித் திரும்புகின்றன. நடுவே டிசம்பர் 8, மரியாவின் அமல உற்பவப் பெருவிழாவுக்கு (பிறப்புநிலைப் பாவமின்றி அவர் கருவானதைக் கொண்டாடும் நாள்) வெள்ளை. அன்று வானவர் கீதமும் உண்டு.

கேள்வி: திருவருகைக் கால மலர்வளையத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு திரிகள் ஏற்றுகிறோம். எங்கள் பங்கில் ரோஸ் திரியை நான்காம் ஞாயிறு ஏற்றினார்கள். சரியா? ரோஸ் திருவுடையும் எங்களிடம் இல்லை.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: மூன்றாம் ஞாயிறுதான் ரோஸ், 2026-இல் அது டிசம்பர் 13. 'ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்' (பிலிப்பியர் 4:4) என்பது அன்றைய வருகைப் பல்லவி, அதாவது திருப்பலியின் தொடக்க வரி. காத்திருப்புக்கு நடுவே கொஞ்சம் இளைப்பாறல். வித்தியாசமான நிறம் என்பதால் அதைக் கடைசிக்கு ஒதுக்கிவிடுகிறார்கள், பிழை அங்கேதான். சனி மாலைத் திருப்பலி ஞாயிறுக்குரியது என்றால் திரியையும் அப்போதே ஏற்றிவிடலாம். ரோஸ் திருவுடை கட்டாயமில்லை, ஊதாவே போதும். வெளுத்துப்போன சிவப்பை எடுத்து ரோஸ் என்று உடுத்துவதைத்தான் தவிர்க்க வேண்டும். சிவப்பு தூய ஆவிக்கும் மறைசாட்சியருக்கும் உரியது.

கேள்வி: வீட்டில் திருவருகைக் கால மலர்வளையம் வைக்க என்னென்ன வேண்டும்?
- வாசகர், வேளாங்கண்ணி

பதில்: அகலமான பித்தளைத் தட்டு அல்லது மண்தட்டு, ஈர மணல், ஊதாத் திரி மூன்று, ரோஸ் ஒன்று. விரும்பினால் கிறிஸ்துமஸுக்கு நடுவில் வெள்ளைத் திரி ஒன்று. திரியின் அடிப்பாகம் இரண்டு விரற்கடை மணலில் புதைய வேண்டும். இல்லாவிட்டால் மெழுகு இளகும்போது சாயும். சவுக்குத் தழை அழகுதான், ஆனால் சில நாளில் காய்ந்து எளிதில் தீப்பற்றும். வாரம் ஒருமுறை மாற்றுங்கள், சுடரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள்.

ஏற்றிய திரிகளோடு ஞாயிறுதோறும் புதிதாக ஒன்று சேரும். தினம் கால் மணி நேரம் எரித்தால், திருவருகைக் காலம் 28 நாள் நீளும் ஆண்டில் முதல் திரி 7 மணி நேரம் எரியும்; நான்காவதோ இரண்டு மணி நேரம்கூட எரியாது. திரிகள் ஏணிப்படி போல நிற்பது அதனால்தான். உயரம் சரிசெய்கிறேன் என்று இடம் மாற்ற வேண்டாம்.

இந்த வழக்கம் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் லூத்தரன் போதகர் விக்கெர்ன் 1839-இல் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அவர் மலர்வளையமாக வைத்த சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளைத் திரிகள், வாரநாள்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகள். ஊதாவும் ரோஸும் பிறகு சேர்ந்தவை. ஆகவே ஊதாத் திரி கிடைக்கவில்லையென்றால் நான்கும் வெள்ளையாக இருக்கட்டும், அடியில் ஊதா ரிப்பன் கட்டிக்கொள்ளுங்கள்.