உப்பும் ஏரியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு ஊர் திருப்பூர். பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற மாதம் சுற்றுச்சூழல் பற்றிய பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். "மனிதன் பூமிக்கு வந்த புற்றுநோய். அவன் இல்லாவிட்டால் ஆறுகள் தெளியும், பறவைகள் திரும்பும். ஊரடங்கின்போது கண்கூடாகப் பார்த்தோமே" என்று முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. என் அப்பா இருபது வருடத்துக்கு மேல் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். 2011இல் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகளை மூடினார்கள். அடுத்த மூன்றாம் மாதம் அப்பா இறந்துபோனார். கடைசியாகக் குளிப்பாட்டும்போது அவருடைய கால் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் நீலம் அப்படியே இருந்தது. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். மகள் புற்றுநோய் என்று சொன்னது அவரையும் என்னையும்தானோ என்று தோன்றுகிறது. இயற்கையில் மனிதனுக்கு இடம் உண்டா? இல்லை, ஒதுங்கிக்கொள்வதுதான் நம்மால் ஆன ஒரே நல்ல காரியமா?

ச., திருப்பூர்

*

அன்புள்ள ச.,

முதலில் மகளுக்கு என் வாழ்த்து. அந்த வயதில் நானும் மேடையேறி உலகத்தைப் பலமுறை அழித்திருக்கிறேன். எங்கள் காலத்தில் அதற்கு அணுகுண்டு இருந்தது. உலகத்தை அழித்தால் கைதட்டல் நிச்சயம்.

ஊரடங்கு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஜலந்தரிலிருந்து இமயமலைத் தொடர் தெரிந்தது உண்மை. வெனிஸ் கால்வாயில் டால்பின் வந்தது பொய். அந்தப் படம் சார்டினியாத் தீவின் துறைமுகத்தில் எடுத்தது. கோடிக்கணக்கானவர்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த 2020ஆம் ஆண்டில் உலகின் கரியமில வாயு வெளியேற்றம் ஏறத்தாழ 5 சதவீதம்தான் குறைந்தது. மறு ஆண்டே ஏறிவிட்டது. ஆக, ஒதுங்குவது என்பதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டோம்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது வேடந்தாங்கல். முதல்முறை நான் அங்கே போனது ஒரு ஜனவரி மாதக் காலையில். கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது, அப்படியொரு எச்ச நாற்றம். கரையேறிப் பார்த்தால் இடுப்பளவு நீரில் நிற்கும் கடப்ப மரங்களின் இலைகள் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருக்கின்றன. நத்தைகுத்தி நாரை ஒன்று சுள்ளியோடு வந்து இறங்கியது. அதன் அலகை மூடினாலும் நடுவே சிறு இடைவெளி இருக்கும், பாக்குவெட்டியை முழுதாக மூடாமல் வைத்ததுபோல. சுள்ளியைச் செருகிவிட்டு அது அந்தப் பக்கம் பறந்ததும் பக்கத்துக் கூட்டுக்காரி எட்டி அதை உருவிக்கொண்டாள். சற்று நேரத்தில் முதல் நாரை இன்னொரு சுள்ளியோடு வந்தது. அதுவும் போயிற்று. நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் இதே கதைதான்.

'இயற்கையின் சொர்க்கம்' என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகிற இடம் இது. ஆனால் ஊர்ப் பெயரிலேயே உண்மை இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தாம். மழைநீர் ஓடிவருகிற சரிவுக்குக் குறுக்கே மனிதர்கள் மண்ணைக் கொட்டி, கரை போட்டு, மதகு வைத்து, மிகுந்த நீர் வழிந்தோடக் கலங்கல் அமைத்த இடம். மரங்களைச் சுற்றி நீர் நிற்பதால்தான் முட்டை தின்ன வரும் பிராணிகள் கூட்டை நெருங்குவதில்லை. நீரை நிறுத்தி வைத்திருப்பது அந்த மண்கரை. உங்கள் மகள் சொன்னபடி மனிதன் மறைந்துவிட்டால் நான்கைந்து நல்ல மழையில் எங்காவது ஓரிடத்தில் கரை உடையும். அடுத்த கார்த்திகையில் வரும் கூழைக்கடாக்கள் தரையைப் பார்த்துவிட்டு வேறிடம் தேடிப்போகும்.

பறவைகள் ஊருக்கு என்ன கொடுக்கின்றன என்று கரையில் நின்றிருந்த ஒரு விவசாயியிடம் கேட்டேன். மதகைக் கையால் காட்டினார். எச்சம் விழுந்த தண்ணீர் அதன் வழியாக வயலுக்குப் போகிறது. உரச்செலவு மிச்சம் என்றார். அந்த வயல்களில் நத்தை பொறுக்கித்தான் நாரைகள் குஞ்சுகளை வளர்க்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798இல், பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். அன்பினாலா, உரத்துக்காகவா என்று பிரித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. பிரிக்க முடியாதபடி இருந்ததால்தான் அந்த உரிமைச் சீட்டு அவர்களுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும்.

சரணாலயத்தின் எல்லை ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர். 2020இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கலாம் என்று ஒரு முன்மொழிவு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. கூடு ஏரியில், சாப்பாடு வயலில் என்பது தெரிந்தவர்களுக்கு ஏன் எதிர்த்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிக்கப்பட்டது. அதுவும் மனிதன் போட்ட கரைதான், பாசனத்துக்காகத்தான். ஆனால் அதில் நின்றது சாயக்கழிவு. அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள், திறந்துவிடுங்கள் என்று விவசாயிகளே கேட்ட விசித்திரம் வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சாயத்தின் நிறத்தைப் பற்றித்தான் வெளியூர்க்காரர்கள் பேசுவார்கள். நிலத்தைக் கெடுத்தது பெரும்பாலும் உப்பு. பருத்தியில் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் மூட்டை மூட்டையாக உப்புப் போட வேண்டும் என்பதை உங்கள் அப்பா உங்களுக்குச் சொல்லியிருப்பார். சாயம் துணியில் தங்கும், உப்பு தங்காது. அலசுகிற நீரோடு அவ்வளவும் வெளியே வந்துவிடும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் போகும், உப்பு போகாது. சட்டை கப்பலேறிப் போய்விட்டது, உப்பு ஊரிலேயே தங்கிவிட்டது.

இதைச் செய்தது மனிதன் என்று உங்கள் மகள் சொல்வாள். எந்த மனிதன்? அந்தச் சட்டையை மலிவாக வாங்கி அணிந்தவனும் மனிதன், விலையை அடித்துக் குறைத்த இறக்குமதிக்காரனும் மனிதன், கழிவைத் திறந்துவிட்ட முதலாளியும் மனிதன், தொட்டியில் காலை நனைத்து நின்ற உங்கள் அப்பாவும் மனிதன், தென்னை வாடிப்போன ஒரத்துப்பாளையத்து விவசாயியும் மனிதன். எல்லோரையும் ஒரே சொல்லில் போட்டு மூடியபின் யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது? புற்றுநோய் என்ற உவமையில் எனக்குள்ள கோபம் இதுதான். அது கேட்க மிகவும் கடுமையாக இருக்கிறது, ஆனால் ஒருவரையும் தொடுவதில்லை.

வேடந்தாங்கலிலிருந்து அதிக தூரமில்லாத உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை முறைக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுவது. 921ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் ஏரி வாரியம் என்று ஒரு குழு வருகிறது. ஓராண்டுப் பதவி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி குடத்தில் பெயர் போட முடியாது. இதைச் சொல்லிப் பொற்காலம் பாட நான் வரவில்லை. வேதம் கற்று, நிலமும் மனையும் வைத்திருந்தவர்களுக்குத்தான் அந்தக் குடம். கரைக்கு மண் சுமந்தவர்கள் பெயரை யாரும் ஓலையில் எழுதவில்லை. ஆனாலும் ஏரிக் கணக்கைக் காட்டாதவனுடைய மைத்துனன்கூட அதற்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது என்பது சாதாரண விஷயமில்லை. தண்ணீர் கெட்டால் அவன் குடிக்கிற தண்ணீரும் கெடும் என்கிற தூரத்தில் அவன் இருந்தான். நொய்யல் கரையில் அந்தத் தூரம் கடல் கடந்து போய்விட்டது.

மனிதனுக்கு இயற்கையில் இடம் உண்டா என்று கேட்டீர்கள். கரைமேல் இடம் உண்டு. செய்ததன் பலன் வந்து சேர்கிற இடத்தில் நிற்பவனுக்கு அது கிடைக்கிறது, நாரைக்கு மரத்தில் கிடைப்பதுபோல. துணிப்பை, மஞ்சப்பை, மரக்கன்று எல்லாம் நல்லவைதான், செய்யுங்கள். அவற்றைப் பற்றி இங்கே எழுத எனக்கு எதுவும் இல்லை.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர் என்பதை மட்டும் கவனித்தேன். 2011க்குப் பிறகு உங்கள் ஊர்ப் பட்டறைகள் கழிவிலிருந்து நீரையும் உப்புக் கரைசலையும் பிரித்தெடுத்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகின்றன. அதற்கு மின்சாரமும் விறகும் பணமும் ஆகிறது, கடைசியில் ஒன்றுக்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டைகளாக மிஞ்சுகிறது. முன்பு இந்தச் செலவையெல்லாம் ஒரத்துப்பாளையத்துக்காரன் தன் நிலத்தால் கட்டினான், எந்தப் பேரேட்டிலும் அது ஏறவில்லை. இன்று ஒரு பனியனின் விலையில் அதற்கு எத்தனை ரூபாய் ஒதுக்குகிறார்கள், வாங்குகிறவன் அதில் எவ்வளவு தருகிறான் என்று உங்கள் மேசையில் இருக்கும் தாள்களைப் பார்த்து நீங்களே சொல்ல முடியும். மகளின் அடுத்த பேச்சுக்கு அந்த ஒரு எண்ணைக் கொடுங்கள். கைதட்டல் கொஞ்சம் குறையலாம்.

தை மாதம் அவளை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பறவைகளைவிடக் கூட்டம் அதிகம். அதற்கு முன்னால் ஒரு நாள், பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான், ஒரத்துப்பாளையம் போய்வாருங்கள். அணைமேல் நின்று தாத்தாவின் நகத்தைப் பற்றி அவளிடம் சொல்லுங்கள். எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அவளிடம் இதுவரை சொன்னீர்களா?