என் வழக்கு தொடராக வருகிறது, தடுக்க முடியுமா?

கேள்வி: 2010-இல் எனக்குத் திருமணம் நடந்தது. தனக்கு முன்பே ஒரு மனைவி இருப்பதை மறைத்துத்தான் அவர் என்னை மணந்தார் என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. இடையில் அடி, சூடு, என் பெயரில் கடன் என எல்லாம் நடந்தது. 2018-இல் புகார் கொடுத்தேன். அப்போது ஏழு வயதான என் மகளும் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னாள். அவருக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு தயாரிப்பு நிறுவனத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வெகுநேரம் பேசினேன், எதிலும் கையெழுத்திடவில்லை. இப்போது ‘உண்மைச் சம்பவங்களைத் தழுவியது’ என்று ஒரு குற்றத்தொடரின் முன்னோட்டம் வந்திருக்கிறது. பெயர்கள் வேறு. ஆனால் மருந்தாளுநராக வேலை பார்க்கும் மனைவி, இடது மணிக்கட்டுத் தழும்பு, அக்கம்பக்கத்தாரிடம் ஓடும் சிறுமி, நான் அவருக்கு அனுப்பிய செய்திகள் என எல்லாம் அப்படியே இருக்கின்றன. போதாக்குறைக்கு, முதல் மனைவி இருப்பது தெரிந்தே பணத்துக்காக மணந்தவளாக என்னைக் காட்டுகிறார்கள். உறவினர்கள் அழைத்து ‘இது நீதானே?’ என்கிறார்கள். அடுத்த மாதம் வெளியாகிறது. தடுக்க முடியுமா? நஷ்டஈடு கேட்கலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புச் சகோதரி,

தொடரையே நிறுத்துவது கடினம். ஆனால் உங்களையும் உங்கள் மகளையும் யாரும் அடையாளம் காண முடியாதபடி அதை மாற்றவைக்க முடியும். நீதிமன்றத்தில் எதைக் கேட்கிறோம் என்பதில்தான் இப்படிப்பட்ட வழக்குகள் பாதி வெற்றியோ பாதி தோல்வியோ அடைகின்றன. ‘ஒளிபரப்பவே கூடாது’ என்று போய் நிற்பவரிடம் நீதிபதி கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசுவார். ‘இந்த ஆறு விவரங்களை நீக்குங்கள்’ என்று கேட்பவரிடம், எதிர்த்தரப்புக்கு அதில் என்ன சிரமம் என்று விசாரிப்பார்.

நடந்த குற்றத்தைக் கதையாக்க உங்கள் அனுமதி வேண்டுமா? பொதுவாக வேண்டாம். இதைச் சொன்ன முன்னோடித் தீர்ப்பு நம் ஊர் வழக்கில் பிறந்ததுதான். மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தது; அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற ஆவணங்கள் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இருப்பதை யாருடைய சம்மதமும் இல்லாமல் வெளியிடலாம், அதைத் தாண்டி ஒருவரின் அந்தரங்க வாழ்க்கைக்குள் போனால் வழக்குத் தொடரலாம் என்றது. தொடர் தயாரிப்பாளர்களின் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பின் முற்பகுதியை மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே பத்தியில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயரை, அது நீதிமன்ற ஆவணத்திலேயே இருந்தாலும், வெளியிட்டு அவளை மறுபடி அவமதிக்கக் கூடாது. அதைப் படிக்கச் சொல்ல வேண்டியது உங்கள் வழக்கறிஞரின் வேலை.

‘எனக்கு நடந்தது பாலியல் குற்றம் இல்லையே’ என்று நினைப்பீர்கள். அவசரப்பட வேண்டாம். உங்கள் வழக்கு நடந்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில், பாலியல் வன்புணர்வு எது என்று வரையறுக்கும் 375-ஆவது பிரிவில் நான்காவது கூறு ஒன்று உண்டு. தான் சட்டப்படியான கணவன் அல்ல என்பது ஆணுக்குத் தெரியும். அவள் அவனைக் கணவன் என்று நம்பியதாலேயே சம்மதித்தாள். அந்தச் சம்மதம் செல்லாது. முதல் திருமணத்தை மறைத்து இரண்டாவதாக மணந்த ஒருவரை இந்தக் கூறின்படி குற்றவாளி என்று உச்ச நீதிமன்றம் 2008-இல், சண்டிகர் வழக்கு ஒன்றில், உறுதி செய்திருக்கிறது. ஆகவே குற்றப்பத்திரிகையையும் தீர்ப்பின் முதல் பக்கத்தையும் எடுத்துப் பாருங்கள். வன்புணர்வுக்குத் தண்டனை சொல்லும் 376 என்ற எண் இருக்கிறதா? அந்தப் பிரிவில் அவர் விடுவிக்கப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. அடையாளத்தைக் காக்கும் சட்டம், குற்றம் ‘நிரூபிக்கப்பட்ட’ பெண்ணோடு ‘சாட்டப்பட்ட’ பெண்ணையும் சேர்த்தே பாதுகாக்கிறது.

அந்த எண் இருந்தால் உங்கள் நிலை வெகுவாக மாறிவிடும். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ என்றும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 72 என்றும் எண்ணிடப்பட்டுள்ள பிரிவின்படி, பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளிப்படுத்துவது இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். எழுத்துமூலமான சம்மதம் இருந்தால் மட்டும் விலக்கு. நீங்கள் தொலைபேசியில் எவ்வளவு நேரம் பேசியிருந்தாலும் அது எழுத்து ஆகாது. அடுத்த பிரிவான 73, இத்தகைய வழக்கின் நீதிமன்ற நடவடிக்கைகளை அனுமதியின்றி வெளியிடுவதையும் தடுக்கிறது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் தீர்ப்பு விசாரணை நீதிமன்றத்துடையது. ‘குற்றம் பழைய சட்டத்தில், தடை புதிய சட்டத்தில்’ என்று எதிர்த்தரப்பு ஒரு நூலைப் பிடித்து இழுக்கலாம். பழைய பிரிவின் இடத்தில் வந்ததே புதிய பிரிவு. அந்த வாதம் நிற்காது என்பது என் கருத்து.

பெயரை மாற்றிவிட்டோமே என்பார்கள். 2018 டிசம்பரில், நிபுண் சக்சேனா வழக்கில், உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: பெயரைச் சொல்லாவிட்டாலும், தொலைதூரத் தொடர்பால்கூட அடையாளம் தெரியக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது. தெருவில் போகிறவருக்கு உங்களைத் தெரிய வேண்டியதில்லை; உங்களை அறிந்தவர்கள் கண்டுகொண்டால் போதும். அதனால் ‘இது நீதானே?’ என்று வந்த ஒவ்வொரு செய்தியும் சான்று. எதையும் அழித்துவிடாதீர்கள். முன்னோட்டத்தையும் இணைய முகவரி, தேதியோடு இன்றே பதிவுசெய்து வையுங்கள். வக்கீல் நோட்டீஸ் போன மறுநாள் அது காணாமல் போகக்கூடும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆவது பிரிவின்படி அதற்கு ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும்.

376 இல்லை, கொடுமை, மோசடி, இருதார மணம் மட்டும்தான் என்றால்? உங்களைப் பொறுத்தவரை இந்தக் கவசம் போய்விடும். ஆனால் உங்கள் மகளுக்கு இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவு, குற்றத்தால் பாதிக்கப்பட்ட அல்லது சாட்சியான குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி முதலிய அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவளுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. தாயை அடையாளம் காட்டிவிட்டு மகளை மறைத்தோம் என்று எவரும் சொல்ல முடியாது. நான் மனு எழுதினால் முதல் பத்தியே இந்தச் சிறுமியைப் பற்றித்தான் இருக்கும்.

அந்தத் திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கோரிக் குடும்ப நல நீதிமன்றத்துக்கும் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்கு என்றால், அதன் 22-ஆவது பிரிவு அந்த விசாரணை விவரங்களை வெளியிடத் தடை செய்கிறது. தண்டனை ஆயிரம் ரூபாய் வரை அபராதம்! படப்பிடிப்பில் ஒரு வேளைத் தேநீர்ச் செலவுக்குக்கூடக் காணாது. ஆனாலும் மனுவில் சேருங்கள். சட்டம் எதை அந்தரங்கமாகக் கருதுகிறது என்பதற்கு அது சாட்சி.

அடுத்து, பலரும் கவனிக்காமல் விடும் ஓர் ஆயுதம். அவருக்கு நீங்கள் எழுதிய செய்திகள் உங்கள் எழுத்து. அவற்றின் பதிப்புரிமை, பெற்றவருக்கு அல்ல, எழுதிய உங்களுக்கே சொந்தம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அவற்றை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட அனுமதிக்கிறது. நடிகையின் வாயில் வசனமாக வைக்க அனுமதிக்கவில்லை. ‘சரி’, ‘வருகிறேன்’ போன்ற இரண்டு சொல் செய்திகளுக்கு இது பொருந்தாது. நீளமாக எழுதியவற்றுக்குப் பொருந்தும். தீர்ப்பிலேயே மேற்கோளாக வந்த வரிகள் என்றால் வாதம் சற்று பலவீனமாகும், ஏனெனில் தீர்ப்பை வெளியிட யாருக்கும் உரிமை உண்டு. ஆகவே முன்னோட்டத்தில் வரும் வசனங்களைத் தீர்ப்போடு வரி வரியாக ஒப்பிட்டு, தீர்ப்பில் இல்லாதவற்றைப் பட்டியலிடுங்கள். அவதூறுக்கு இடைக்காலத் தடை கேட்பதைவிடப் பதிப்புரிமை மீறலுக்குக் கேட்பது எளிது.

அவதூறுக்கு வருகிறேன். தெரிந்தே மணந்தவள் என்ற சித்திரிப்பு, தீர்ப்புக்கு நேர் எதிரானது. உண்மை என்பதே அவதூறு வழக்கில் எதிராளியின் பெரிய கேடயம். இங்கே அந்தக் கேடயம் உங்கள் கையில் இருக்கிறது. ‘உண்மைச் சம்பவம்’ என்று தொடக்கத்திலும் ‘யாரையும் குறிப்பிடுவன அல்ல’ என்று முடிவிலும் போடும் வழக்கம் தொலைக்காட்சி உலகில் எப்படி வேர்பிடித்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. இரண்டில் ஒன்றுதானே மெய்யாக இருக்க முடியும்? 2024-இல் ‘பேபி ரெயின்டீர்’ என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடர் ‘இது உண்மைக் கதை’ என்ற வரியோடு தொடங்கியதால், அதில் வரும் பெண் நான்தான் என்று ஒருவர் தொடுத்த அவதூறு வழக்கைத் தள்ளுபடி செய்ய அமெரிக்க நீதிபதி மறுத்தார். அந்த வரியே நிறுவனத்துக்கு எதிராகத் திரும்பியது. இங்கும் வக்கீல் நோட்டீஸில் அந்த வரியை முதலில் மேற்கோள் காட்டுங்கள்.

ஆனால் அவதூறை மட்டும் காரணம் காட்டித் தடை கேட்டால் கதவு குறுகியது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஓர் ஊடக நிறுவனத்தின் கட்டுரை பற்றிய வழக்கில், விசாரணைக்கு முன்பே வெளியீட்டைத் தடுப்பது அரிதான சூழ்நிலைகளில் மட்டுமே என்று கீழமை நீதிமன்றங்களுக்கு நினைவூட்டியது. அதற்கு முந்தைய மாதம், ஒரு கொலை வழக்கைப் பற்றிய ஆவணத்தொடரை நிறுத்தக் கோரிச் சி.பி.ஐ. மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, நீதிபதிகளுக்கு முதலில் தொடரைத் திரையிட்டுக் காட்டச் செய்தார்கள். அதன்பின் மனு தள்ளுபடியானது. நீங்களும் இந்தத் திரையிடலைக் கேளுங்கள். முன்னோட்டத்தை வைத்து ஊகிப்பதைவிட நீதிபதியே பார்ப்பது உங்களுக்கு நல்லது. மறுபக்கம், 1994-இல் தன் வாழ்க்கையைச் சொன்ன திரைப்படத்தை எதிர்த்துப் பூலன் தேவி டெல்லி உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார். அவர் உயிரோடிருந்த பெண். காட்டப்பட்டது அவர்மீது நடந்த வன்முறை. பின்னர் அது சமரசத்தில் முடிந்தது. இறந்தவர்களின் உறவினர்கள் கேட்ட தடைகள் பெரும்பாலும் மறுக்கப்படுகின்றன. நீங்கள் உயிரோடு, எதிரில் நின்று கேட்கிறீர்கள். அந்த வேறுபாட்டை வழக்கறிஞர் அழுத்திச் சொல்ல வேண்டும்.

தயாரிப்பு நிறுவனம் உங்கள் தொலைபேசிப் பேச்சைச் சம்மதமாகக் காட்டும், பதிவும் வைத்திருக்கலாம். பேசியவற்றைப் பயன்படுத்த ஒப்புதல் தரவில்லை, தந்ததாகக் கருதினாலும் திரும்பப் பெறுகிறேன் என்று உடனே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அதற்குமேல் அவர்களிடம் நேரில் பேச வேண்டாம். சமூக ஊடகத்திலும் எழுத வேண்டாம். தானாகச் சர்ச்சையைக் கிளப்பியவருக்குத் தனியுரிமை வாதம் மெலியும் என்று முன்பு சொன்ன நக்கீரன் வழக்கின் தீர்ப்பே சொல்கிறது.

வழக்கு உங்கள் பெயரிலேயே பதிவாகி, மறுநாள் செய்தித்தாளில் வந்தால் எல்லாம் வீண். பெயருக்குப் பதில் எழுத்துக் குறியீடு, மூடிய அறை விசாரணை இரண்டையும் முதல் மனுவோடு சேர்த்துக் கேளுங்கள். நாள் கடத்தாதீர்கள். வெளியீட்டுக்கு முந்தின நாள் மாலை ஓடிவரும் மனுதாரரை நீதிமன்றங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். எதிர்த்தரப்பு கேவியட் (எங்களைக் கேட்காமல் உத்தரவிட வேண்டாம் என்ற முன்மனு) போட்டிருந்தால், அவர்களைக் கேட்காமல் உத்தரவு கிடைக்காது. அதற்கும் நேரம் வேண்டும். தொடரை வெளியிடும் தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் ஒரு புகார் அனுப்பிவையுங்கள். பலன் இல்லாவிட்டாலும், எச்சரித்தோம் என்பதற்கு அது பதிவு.

நஷ்டஈடு கேட்கலாம். அவதூறுக்கான உரிமையியல் வழக்கை வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும். மேல்முறையீடு முடியட்டும் என்று காத்திருந்தால் காலாவதியாகிவிடும். நடந்த நிகழ்ச்சிகளுக்காக மட்டும் பங்கு கேட்க முடியாது, ஏனெனில் நிகழ்ச்சிகளுக்குப் பதிப்புரிமை கிடையாது. நோட்டீஸ் கிடைத்ததும் அவர்களே ஒரு தொகையோடு ‘வாழ்க்கை உரிமை ஒப்பந்தம்’ என்று ஒரு தாளை நீட்டலாம். 72-ஆவது பிரிவு கேட்கும் எழுத்துமூலச் சம்மதம் அந்தத் தாளின் ஏதோ ஒரு வரியில் ஒளிந்திருக்கும். இறுதித் திரைக்கதையைப் படித்து மாற்றம் கோரும் உரிமை, மகள் பாத்திரம் நீக்கம், தொழிலும் தழும்பும் மாற்றம் ஆகியவை எழுத்தில் இல்லாமல் அதில் கையெழுத்திடாதீர்கள். மகள் சார்பில் எந்தச் சம்மதத்தையும் கொடுக்காதீர்கள்.