லண்டனில் இறந்த அண்ணாவின் வீடு: சொலிசிற்றருக்கு எவ்வளவு கொடுப்பது?

கேள்வி: என் மூத்த அண்ணா இருபது வருடத்துக்கு மேலாக லண்டனில் இருந்தவர். கல்யாணம் கட்டவில்லை. போன மாதம் மாரடைப்பில் தவறிவிட்டார். உயில் எழுதி வைக்கவில்லை. அங்கே அவர் பெயரில் ஒரு ஃபிளாற் இருக்கிறது. பெறுமதி 280,000 பவுண் என்கிறார்கள், அதில் 90,000 பவுண் வீட்டுக் கடன் மிச்சம். வங்கியில் 24,000 பவுண். அப்பா 1999இல் காலமாகிவிட்டார். அம்மாவுக்கு 74 வயது, தருமபுரத்தில் என்னோடு இருக்கிறார். அங்குள்ள ஒரு சொலிசிற்றர் (சட்டத்தரணி), இறந்தவரின் சொத்தைக் கையாள நீதிமன்ற அதிகாரம் எடுக்கும் புரோபேற் வேலைக்கு மொத்தச் சொத்தில் 4 வீதமும் வற் வரியும் கேட்டு, அம்மாவின் கையொப்பத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். லண்டனில் இருக்கும் மச்சான் ஒருவர் "நானே செய்து தாறன்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. அந்தக் கடிதத்தில் அம்மா இப்போது கையொப்பம் வைக்க வேண்டாம். ஒரு கிழமை பொறுத்தால் எதுவும் கெட்டுப்போகாது.

சொலிசிற்றர் கேட்பதைக் கணக்காகப் பாருங்கள். ஃபிளாற்றும் வங்கிப் பணமும் சேர்த்து 304,000 பவுண். அதில் 4 வீதம் 12,160. அதன்மேல் 20 வீத வற் வரி 2,432. ஆக 14,592 பவுண். நமது இலங்கைக் காசில் ஐம்பது லட்சத்தைத் தாண்டும். கடனைக் கழித்துவிட்டு, மிஞ்சும் 214,000 பவுணுக்கு அதே வீதத்தைப் போட்டால் வரியோடு 10,272 பவுண்தான் வரும். "மொத்தச் சொத்து" என்ற ஒரு சொல்லால் 4,320 பவுண் கூடுகிறது. வங்கிக்குப் போகப்போகிற 90,000 பவுணுக்கும் சேர்த்து அம்மா கட்டணம் கட்டுகிறார். சொலிசிற்றரின் செலவு அண்ணாவின் சொத்திலிருந்து கழியும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சொத்து முழுக்க அம்மாவுடையது.

எப்படி அம்மாவுடையது என்றால், இங்கிலாந்துச் சட்டப்படி உயில் இல்லாமல் இறந்தவருக்கு மனைவியோ பிள்ளையோ இல்லையென்றால் சொத்து பெற்றோருக்குப் போகும். ஒருவர்தான் உயிரோடு இருந்தால் அவருக்கே முழுவதும். சகோதரங்களுக்கு அதன் பிறகுதான். வடபகுதித் தமிழருக்கான நமது தேசவழமைச் சட்டம் லண்டன் வீட்டுக்குச் செல்லாது. இதில் நீங்கள் மனம் திறந்து மச்சானிடம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: அண்ணா அங்கே பதிவுத் திருமணம் செய்திருந்தாரா, பிள்ளை ஏதும் உண்டா? குடும்பத்துக்குத் தெரியாமல் இப்படி இருந்த கோவைகளை நான் பார்த்திருக்கிறேன். இருந்தால் மேலே சொன்னதெல்லாம் மாறிவிடும்.

இல்லையென்றால் உங்களுடையது சிக்கலில்லாத கோவை. இறப்பு வரிக்கான விலக்கு எல்லை 325,000 பவுண், அண்ணாவின் சொத்து அதற்குக் கீழே. அண்மைய வருடங்களில் பெரிய தொகை யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்காதிருந்தால் வரி வராது.

அங்கே சொலிசிற்றர்கள் மூன்று விதமாகக் கட்டணம் எடுக்கிறார்கள்: மணிக் கணக்கு, நிலையான தொகை, சொத்தில் வீதம். முழு வேலைக்கும் 1 முதல் 5 வீதம் வரை கேட்பது வழக்கம். அது வழக்கம் மட்டும்தான், இவ்வளவு கொடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பேசிக் குறைக்கலாம், வேறு இடத்தில் விசாரிக்கலாம். 2018 டிசம்பரிலிருந்து இங்கிலாந்து, வேல்ஸ் சொலிசிற்றர் நிறுவனங்கள் சாதாரண புரோபேற் வேலைக்கான கட்டண விவரத்தைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். மச்சான் ஒரு பின்னேரம் இருந்து நாலு இடத்தைப் பார்த்தாலே விலை விளங்கிவிடும்.

அப்புறம், "புரோபேற் வேலை" என்பதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, நீதிமன்றத்திடம் அதிகாரப் பத்திரம் எடுப்பது. மற்றது, கடனைக் கட்டி, வீட்டை விற்று, பணத்தைச் சேர்த்து அம்மாவுக்கு அனுப்புவது. முதலாவதை மட்டும் ஒரு நிலையான தொகைக்குச் செய்து தருகிற சொலிசிற்றர்கள் நிறையப் பேர். அந்த விலைக்கும் 14,592 பவுணுக்கும் வெகு தூரம். வீடு விற்கும்போது அதற்கான சட்டச் செலவும் தரகர் கூலியும் பெரும்பாலும் தனியாக வரும். 4 வீதத்துக்குள் இவை அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

மச்சான் தானே செய்யலாமா? செய்யலாம். சொலிசிற்றர் கட்டாயமில்லை. அம்மா வெளிநாட்டில் இருப்பதால், தன் சார்பில் விண்ணப்பிக்க மச்சானை நியமிக்கலாம். நாங்கள் இங்கே அற்றோணித் தத்துவம் என்கிறோமே, அதைப் போன்றது. அதற்கு பீஏ 12 என்ற படிவம். உயில் இல்லாத சொத்துக்கான விண்ணப்பம் பீஏ 1ஏ. 5,000 பவுணுக்கு மேற்பட்ட சொத்துக்கு நீதிமன்றக் கட்டணம் 2024 மே முதல் 300 பவுண். அதை யார் விண்ணப்பித்தாலும் கட்டத்தான் வேண்டும்.

ஆனால் மச்சானுக்கும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பத்திரம் அவர் பெயரில் வந்தால் பொறுப்பும் அவருடையது. அண்ணாவுக்கு இருந்த கடனொன்று பின்னால் தலைகாட்டினால், பணத்தை அனுப்பிவிட்ட மச்சான் தன் கையிலிருந்து கட்ட நேரலாம். இதற்காகத்தான் லண்டன் கஸெற் என்ற அரச அறிவித்தல் இதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் அறிவித்தல் போட்டு, குறைந்தது இரண்டு மாதம் பொறுத்துப் பணத்தைப் பிரிப்பார்கள். பூட்டிக் கிடக்கும் ஃபிளாற்றைப் பற்றி வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் உடனே அறிவிக்க வேண்டும். வீட்டுக் கடனோடு ஆயுள் காப்புறுதி இருந்ததா, வேலை செய்த இடத்தில் இறப்புக் கொடுப்பனவு உண்டா என்றும் பார்க்கட்டும். அந்தக் கொடுப்பனவு பெரும்பாலும் சொத்துக் கணக்குக்கு வெளியே நேரே குடும்பத்துக்கு வரும். அதற்கும் 4 வீதம் எடுக்க விடாதீர்கள்.

மணிக் கணக்கில் பேசினால் ஒரு விடயம் கவனியுங்கள். அங்கே நேரத்தை ஆறு நிமிடத் துண்டுகளாகக் கணக்கிடுவார்கள். இரண்டு வரி மின்னஞ்சலும் ஒரு துண்டு. நமது ஆட்களுக்குச் செலவு ஏறுவது பெரும்பாலும் பெயரில்தான். அண்ணாவின் பிறப்புப் பத்திரத்தில் பெயர் ஒரு மாதிரி, பிரித்தானியக் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னுக்கு வந்து வேறு மாதிரி, அம்மாவின் அடையாள அட்டையில் ஓர் எழுத்துக் குறைவு. "இவர்தான் அவரா?" என்று ஒரு கடிதம், பதில், திரும்ப ஒரு கடிதம். ஒவ்வொன்றுக்கும் பில். 2009 போரில் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்களுக்கு இது இன்னும் கூடும். போன வருடம் ஒரு தாய் என் மேசையில் வைத்த பிறப்புப் பத்திரம், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, தண்ணீர் பட்டு மை பரவி, இலக்கம் மட்டும் தெரிந்தது. அந்த இலக்கத்தை வைத்துத்தான் புதுப் பிரதி எடுத்தோம்.

ஆகவே இதை இங்கேயே முடியுங்கள். பிறப்பு, திருமண, அப்பாவின் இறப்புப் பத்திரங்களின் புதுப் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். பெயர் வித்தியாசங்கள் எல்லாவற்றையும் ஒரே சத்தியக்கடதாசியில் எழுதிச் சமாதான நீதவான் முன் அம்மா கையொப்பமிடட்டும். எல்லாம் ஒரே உறையில் போகட்டும்.

அண்ணாவுக்குக் கடன் நிறைய இருந்தாலோ, வேறு வாரிசு உரிமை கோரினாலோ சொலிசிற்றரை வையுங்கள். அந்த இடத்தில் காசு பார்க்கக் கூடாது. வைத்த பிறகு பில் அநியாயம் என்று பட்டால், அந்த நிறுவனத்திடமே முதலில் எழுத்தில் முறையிட வேண்டும். எட்டுக் கிழமைக்குள் தீரவில்லையென்றால் சட்டத்தரணிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சட்ட ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். பில் கிடைத்து ஒரு மாதத்துக்குள் கேட்டால், அதை நீதிமன்றம் மதிப்பிட வேண்டும் என்று கோரும் உரிமையும் உண்டு. பிந்தினால் அது கடினமாகும்.

அந்தக் கடிதத்துக்கு மச்சான் இப்போதைக்கு இப்படிப் பதில் போடட்டும்: "அதிகாரப் பத்திரம் எடுப்பதற்கு மட்டும், வரியோடு, நிலையான தொகை எவ்வளவு?" சொலிசிற்றரின் பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அம்மா படிவத்தில் கையொப்பமிடும் முன் நான் ஒருமுறை வாசித்துச் சொல்கிறேன்.